உள்ளேயிருந்து ஒரு இருமல்

கோதண்டம் பாத்ரூமுக்குப் போனால் தாழ்ப்பாள் போடக் கூடாது. இது சரசா போட்ட சட்டம். கள்ளிக்குப்பத்தில் அவர்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் சட்டம் போடுகிற அதிகாரம் அவளுக்குத்தான், மீறிப் பார்க்கிற தைரியம் கோதண்டத்துக்கு எந்த நாளும் வந்ததில்லை. ஐம்பத்தாறு வயது ஆள், ஐடி கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர், ரோட்டில் லாரிக்காரனையே ஓரம் கட்ட வைக்கிறவர், சொந்த வீட்டில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு குளித்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. சரசாவின் அண்ணன் பச்சையப்பன் கரையான்சாவடியில் ஒரு காலை இப்படித்தான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாளி நிரம்பி வழிந்து கதவுக்கு அடியில் தண்ணீர் வந்த பிறகுதான் வீட்டிலிருந்தவர்களுக்கு உறைத்தது. கதவை உடைத்துத் தூக்கினார்கள். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கையும் காலும் விழுந்து, ஒரு வருஷம் போலப் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். பிபி இருந்திருக்கிறது, கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டியவள் சரசா. அந்தக் கஞ்சி அவர் கடைவாயில் வழிந்ததை இன்றைக்கும் அவளால் மறக்க முடியவில்லை.

அதனால், உங்கள் வீட்டுக்காரருக்கும் பிபி இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன அன்றைக்கே அவள் பாதி செத்துவிட்டாள். மீதி இருக்கிற பாதியை வைத்து அவரைக் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். தினமும் இட்லித் தட்டுக்கு முன்னால் மாத்திரை வரும். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். கோதண்டம் ஸ்கூல் பையன் மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுவார். கொஞ்ச நாளில் பிபி இறங்கியது. டாக்டர் இப்படியே போகட்டும் என்றார். வீடு மூச்சு விட்டது.

அந்தச் சமயத்தில்தான் இருமல் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டைக்குள் ஏதோ துரும்பு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு வறட்டு இருமல். பேச ஆரம்பித்தால் இருமல், படுத்தால் இருமல், சிரித்தால் இருமல். பூந்தமல்லி ரோடு முழுக்கப் பள்ளம் தோண்டிப் போட்டு, புழுதி புகைமூட்டமாக எழும்பிக்கொண்டிருந்த காலம். வேனில் ஏறுகிற கம்பெனிப் பிள்ளைகளே முகத்தை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுகிற மனுஷனுக்கு இருமல் வராமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். சரசாவும் அப்படியே நம்பினாள்.

உண்மையைச் சொன்னால் அந்த இருமலில் அவளுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. அவர் பாத்ரூமுக்குள் இருக்கும்போது அவள் அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். உள்ளே இருமல் கேட்டால், சரி, மனுஷன் நின்றுகொண்டிருக்கிறார் என்று தோசையைத் திருப்புவாள். கேட்காவிட்டால் கரண்டியோடு கதவுப் பக்கம் போய்விடுவாள்.

ஆனாலும் இருமுகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தொண்டைக்கு என்ன கொடுப்பது என்று சரசாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பத்தூர் மார்க்கெட் பக்கம் போய் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரக் குச்சி வாங்கி வந்தாள். கொஞ்சமாகப் போடுங்கள் என்று கடைக்காரர் சொன்னதுதான். கொஞ்சமாக எதையாவது செய்கிற வழக்கம் சரசாவுக்கு இருந்தால்தானே. காலையில் ஒரு கைப்பிடி குச்சியைத் தட்டிக் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றி வேனுக்குக் கொடுத்தாள். சட்டைப் பையில் நாலு துண்டு போட்டாள். இரவு தேனில் பொடியைக் குழைத்து நாக்கில் தடவினாள். தன் கைப்பையிலும் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டாள், வெளியே போகிற இடத்தில் அவருக்கு இருமல் வந்தால் கொடுக்க. கோதண்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. உப்பும் போய், எண்ணெயும் போய், வாழ்க்கையில் வாய்க்கு ருசியாக மிஞ்சியிருந்தது அந்த இனிப்பு ஒன்றுதான்.

அப்புறம் மைதிலி அந்த மெஷினை அனுப்பினாள். மைதிலி அவர்களுடைய ஒரே மகள், பெங்களூரில் வேலை. அம்மா போனில் புலம்புகிறாளே என்று நல்ல மனசோடு ஆன்லைனில் போட்டு அனுப்பிவிட்டாள். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், உர்ரென்று இறுக்கிப் பிடித்து, பிறகு மெதுவாக விட்டு, மூன்று எண் காட்டும். இந்த மெஷினைக் கண்டுபிடித்த புண்ணியவான் அதைச் சரசா மாதிரிப் பெண்கள் இருக்கிற வீடுகளுக்கு விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்து எழுதி வைத்திருக்கலாம்.

மேல் எண் நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் மெஷின் நூற்று அறுபத்திரண்டு காட்டியது.

சரசா மறுபடி அழுத்தினாள். நூற்று அறுபத்தெட்டு. இடது கையில் போட்டுப் பார்த்தாள், நாற்காலியை மாற்றிப் பார்த்தாள், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தாள். கடைசியில் மெஷின்தான் கெட்டுப்போயிருக்கும் என்ற ஆசையில் தன் கையிலேயே கட்டிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. இவ்வளவு பயத்திலும் தனக்கு மட்டும் சரியாக இருந்தது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. மெஷின்மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டது, அப்படியானால் குற்றம் யார்மேல்?

கோதண்டத்தின்மேல்தான். வேறு யார் இருக்கிறார்கள். மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்குகிற ஆளுக்கு ஏறுகிறது என்றால், வெளியே உப்பாக எதையோ தின்கிறார் என்றுதானே அர்த்தம். வீட்டில் இருந்த நெத்திலிக் கருவாடு அன்றைக்கே குப்பைக்குப் போனது. ஊறுகாய் ஜாடி பின்னாலேயே போனது. சாயந்திரம் அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள், பஜ்ஜி வாசனை வருகிறதா என்று. அதிமதுர வாசனைதான் வந்தது. அவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தார், அவள் நம்பவில்லை. மறுநாள் சாம்பாரில் பாதி உப்புப் போட்டாள், அடுத்த வாரம் அதையும் போடவில்லை.

கிளினிக்குக்கு ஓடினார்கள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சரசா அடித்துச் சொன்னாள். இருமலைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புழுதியில் வருகிற இருமலை டாக்டரிடம் சொல்லி அவர் நேரத்தை வீணடிப்பதா? அவர் முன்னால் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்காது என்று, உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே ஒரு துண்டு அதிமதுரத்தைக் கோதண்டத்தின் வாயில் போட்டுத்தான் அழைத்துப் போவாள். கிளினிக்கில் ஒரு தடவைகூட அவர் இருமவில்லை.

மாத்திரை கூடியது, இருமலும் கூடியது. இருமல் கூடக்கூடக் கஷாயம் திடமாகிக்கொண்டே போனது. மெஷின் எண்பதைத் தொட்டது, அதாவது நூற்று எண்பதை. கிளினிக்கில் நீர் பிரிகிற மாத்திரை ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் கால் நரம்பு இழுக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். படியேறும்போது பாதியில் நின்றார். சரசாவுக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அவருடைய வேன்தான் எங்கோ மோதிவிட்டது என்று நினைத்துப் போன் செய்வாள். அவர் எடுத்து ஹலோ சொல்லி இருமுவார். அப்புறம்தான் அவளுக்கு உயிர் வரும். அண்ணன் படுத்துக் கிடந்த கட்டிலும் அந்தக் கஞ்சிக் கிண்ணமும் இப்போது அவளுக்குக் கண் திறந்திருக்கும்போதே தெரிந்தன. அடுத்து யார் என்று அவளுக்குத் தெரியும், என்றைக்கு என்பதுதான் தெரியாது.

அது ஒரு சனிக்கிழமை, வேன் கிடையாது. சரசா கஷாயத்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கோதண்டம் குளிக்கப் போயிருந்தார். உள்ளே இரண்டு முறை இருமல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்தாளா இல்லையா என்பதுகூட நினைவில்லை, போய்க் கதவைத் தள்ளினாள்.

தாழ்ப்பாள் இல்லாத கதவு, தள்ளியதும் திறந்துகொண்டது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் கோதண்டம் இடுப்பில் துண்டோடு உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரசு, எந்திரிக்க முடியல. கால் ரெண்டும் என்னுது மாரியே இல்ல."

அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"சிரிய்யா."

"இன்னாது?"

"சிரின்னு சொல்றேன்ல. சிரி."

கோதண்டம் சிரித்தார். வாய் நேராகத்தான் இருந்தது. பல்லெல்லாம் தெரிய, கண்ணில் பயத்தோடு, பொண்டாட்டி சொன்னாளே என்று சிரித்த அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சரசா ஓவென்று அழுதுவிட்டாள்.

கீழ் வீட்டு வீரராகவன் ஓடி வந்து, இரண்டு பேருமாகத் தாங்கி இறக்கி, வீரராகவனுடைய காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிளம்புகிற அவசரத்தில் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தபோது மெஷின் இருநூற்று நாலு காட்டியிருந்தது. வழியெல்லாம் சரசா அவர் கையைக் கிள்ளிக் கிள்ளி, உறைக்கிறதா உறைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வலது கை சிவந்துபோனது.

அவசரப் பிரிவில் இருந்தது ஜெபா என்கிற இளவயது டாக்டர். பதற்றப்படாத பெண். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், இரத்தம் எடுத்தார்கள், கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்றார்கள். பக்கவாதம் மாதிரித் தெரியவில்லை, ஆனால் பிபி ரொம்ப அதிகம், கால் ஏன் இப்படிச் சோர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சரசா மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசைமேல் பரப்பினாள். ஒன்றுகூடத் தவறவில்லை என்று, தான் வாயைத் திறந்து பார்த்ததையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் அட்டைகளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வேற எதுவும் எடுக்கறாரா? நாட்டு மருந்து, லேகியம், அந்த மாதிரி?"

"ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா. நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."

அவள் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அட்டையில் வரும், பாட்டிலில் வரும், குடித்தால் கசக்கும். வீட்டில் சுக்கு இருக்கிறது, மிளகு இருக்கிறது, அதையெல்லாமா ஒரு டாக்டரிடம் மருந்து என்று சொல்வார்கள்.

அப்போது கோதண்டத்துக்கு இருமல் வந்தது. படுத்த வாக்கில் உடம்பைக் குலுக்கி விடாமல் இருமினார், ஒட்டியிருந்த ஒயர்கள் ஆடின. சரசா டாக்டரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் கை மட்டும் தானாகவே கைப்பைக்குள் போய், பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்து அவர் வாய்க்குள் வைத்தது. அவரும் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். இருமல் அடங்கியது.

"அது என்னம்மா?"

"இதுவா? அதிமதுரம். தொண்டைக்கு."

"அந்தப் பொட்டலத்தைக் கொடுங்க. சார், வாயில இருக்கறதை வெளிய எடுங்க."

டாக்டரின் குரல் உயரவில்லை, ஆனால் மாறிவிட்டது. எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். சரசா காலைக் கஷாயம், பிளாஸ்க், சட்டைப் பை, ராத்திரித் தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது அதிகமாகத் தெரிந்தது. எவ்வளவு போடுவீர்கள் என்றதற்கு அவள் கையை மூடிக் காட்டினாள், ஒரு கைப்பிடி. இரத்தச் சோதனையின் முடிவு வந்தபோது டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டினார், தான் எதிர்பார்த்தது இருந்ததுபோல.

பிறகு உட்கார வைத்து விளக்கினார். அதிமதுரம் கெட்ட பொருள் இல்லை, ஆனால் இந்த அளவுக்கு இத்தனை நாள் போனால் அது உடம்பில் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியம் என்று ஒரு சத்து, அதை வெளியே தள்ளிவிடும். பிபி ஏறும், காலில் பலம் போகும், அந்தச் சத்து இன்னும் குறைந்திருந்தால் இதயமே தடுமாறியிருக்கும். நீர் பிரிகிற மாத்திரையும் சேர்ந்து அந்தச் சத்தை மேலும் இறக்கிவிட்டது. அந்த இருமல் புழுதியால் வந்ததாகத் தெரியவில்லை. அவர் போடுகிற பிபி மாத்திரை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொடுக்கும். கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு மாத்திரை மாற்றியிருப்பார்கள். இதையெல்லாம் டாக்டர் திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் சரசாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. கருவாட்டைத் தூக்கிப் போட்டாள், சட்டையை மோந்து பார்த்தாள், திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று அழுது சண்டை போட்டாள். அத்தனை நாளும் எமனைத் தேடி வீடு முழுக்கத் துழாவியவள், அவனைத் தன் கையாலேயே தட்டிக் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் ஊற்றி அனுப்பியிருக்கிறாள். எண் ஏறியபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறாள்.

சாயந்திரம் வார்டில் கோதண்டம் டிரிப்ஸ் ஏறுகிற கையை அசைக்காமல் படுத்திருந்தார். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவர் காலைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்.

"நான்தான்யா. இத்தினி நாளா நான்தான் உனுக்கு ஊட்டிகினு இருந்துகீறேன்."

"நீ குட்த்தே, நான் துன்னேன். அதுக்கு இன்னாமே இப்போ? இனிப்பாத்தான் இருந்துச்சு."

அவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சில நாளில் வீட்டுக்கு வந்தார்கள். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள், தாங்களாக எதையும் நிறுத்தவும் கூடாது சேர்க்கவும் கூடாது என்று டாக்டர் ஜெபா இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். எண் ஒரே நாளில் இறங்கவில்லை. நூற்று எழுபது, அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு என்று வேண்டா வெறுப்பாக இறங்கியது. கால் மெதுவாகத் தேறியது. வேனுக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள், மாதம் பிறந்ததும் வரச் சொல்லி ஓனர் போன் செய்தார்.

எல்லாம் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று மைதிலி போனில் சொன்னாள். சரசாவுக்கு அப்படி இல்லை. அவளுக்குத் தன் கையைப் பார்த்தாலே பயமாக இருந்தது. ரசத்துக்கு மிளகு எடுக்கப் போனால் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். இது என்ன செய்யுமோ, அது எதில் போய் முடியுமோ. தெருமுனை இட்லிக் கடையில் வாங்கி வந்து தட்டில் வைத்தாள், அதில் அவர்கள் என்ன போட்டார்களோ என்று எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஆக்கிப் போட்ட கை, இப்போது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட யோசித்தது. கோதண்டம் தானே எழுந்துபோய்ப் பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தார். குழைந்துபோன பருப்பை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருமல் நின்றுவிட்டது. மாத்திரை மாறிய பிறகு நாளுக்கு நாள் குறைந்து ஒரு நாள் அடியோடு இல்லை. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். சரசாவுக்கு மட்டும் வீடு அமைதியாக இருந்தது பிடிக்கவில்லை. அவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்தால் தாள் புரளுகிறதா என்று கேட்பாள். தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். அவர் கண்ணை மூடியபடியே அந்த விரலைப் பொறுத்துக்கொண்டு கிடப்பார்.

அன்றைக்குக் காலை மெஷின் முதல் தடவையாக நூற்று முப்பத்தாறு காட்டியது. கோதண்டம் அவளைப் பார்த்தார், அவள் மெஷினைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கதவை ஒருக்களித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

சரசா அடுப்படியில் நின்றாள். பல நாளைக்கு அப்புறம் தோசைக் கல்லை எடுத்து வைத்திருந்தாள். மாவைக் கரண்டியில் மொண்டாள், ஊற்றவில்லை. உள்ளே குழாய் ஓடியது. வாளி நிரம்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் நிரம்பிவிட்டது போல ஒரு சத்தம். மனுஷனுடைய சத்தம் ஒன்றும் இல்லை. எண்தான் சரியாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அண்ணன் வீட்டிலும் இப்படித்தான் குழாய் ஓடியது என்று மனசு பதில் சொன்னது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கதவருகில் நின்றாள். தள்ளுவதற்குக் கையைத் தூக்கினாள். இந்தக் கையால் எதைத் தொட்டாலும் என்ன ஆகுமோ என்று அது அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

கதவுக்கு அடியில் தெரிந்த அவளுடைய காலை உள்ளிருந்து அவர் பார்த்திருக்க வேண்டும்.

"லொக்," என்று உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

நெஞ்சிலிருந்து வந்த இருமல் இல்லை அது. அந்த இருமலை இத்தனை மாதம் காதில் வைத்துக் காத்தவளுக்குத் தெரியாதா. தொண்டையைச் செருமி, வேண்டுமென்றே, அவளுக்காக இருமிய இருமல். குளித்து முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு சொம்பு தண்ணீருக்கும் நடுவில் அது வந்துகொண்டே இருந்தது.

சரசா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கல் காய்ந்திருந்தது. கரண்டியை எடுத்து மாவை ஊற்றினாள்.